ஸ்டூடியோச் சமனாக்கியும் வீட்டு ஹைபைச் சாதனமும்

முன்னர் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வானொலி நிலையங்களிலும் மட்டுமே காணப்பட்ட பல கருவிகள் இன்று எளிய விலைக்குக் கைமாறி வீடுகளை வந்தடைகின்றன. அவற்றுள் ஒன்று ஈக்குவலைசர் எனப்படும் ஒலிச் சமனாக்கி. ஓர் உலோகப் பெட்டியின் முகப்பில் மேலும் கீழும் நகரும் சிறு பிடிகள் முப்பத்தொன்று வரிசையாக அமைந்திருக்கும். வீட்டில் நல்லிசை கேட்க விரும்புவோர் பலர் இதனை ஆவலுடன் வாங்கித் தம் ஹைபைச் சாதனத்துடன் இணைக்கின்றனர். சில வாரங்கள் பிடிகளை நகர்த்திப் பார்த்தபின், இது இல்லாதிருந்தபோதே இசை நன்றாக இருந்தது என்று கழற்றி வைத்துவிடுகின்றனர்.

குறை கருவியினுடையது அன்று. எந்தப் பிழையை இக்கருவி திருத்த வல்லது, எந்தப் பிழை இதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்ற வேறுபாடு விளங்காமையே காரணம். அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒலியியலைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பொது இடங்களில் ஒலிபெருக்கிச் சாதனங்களைக் கையாளும் களப்பணியாளர்களுக்கும் இது ஒருங்கே பயன்படும்.

சமனாக்கியின் தோற்றம்

சமனாக்கி முதலில் இசைக்காக உண்டானதன்று, தொலைபேசிக்காக உண்டானது. நீண்ட கம்பியின் வழியே பேச்சு செல்லும்போது, அதிலுள்ள உயர் அதிர்வெண்கள் தாழ் அதிர்வெண்களைவிட மிகுதியாகத் தேய்ந்துவிடுகின்றன. மறுமுனையில் கேட்போருக்குக் குரல் மங்கி ஒலிக்கும். எந்த அதிர்வெண் எவ்வளவு தேய்ந்தது என்பதை அளந்து, அதே அளவிற்கு அதனை உயர்த்தும் மின்சுற்று ஒன்றைக் கம்பியின் முடிவில் வைத்தனர். இரு முனைகளிலும் பேச்சு சமமாயிற்று. 'சமனாக்கி' என்னும் பெயர் இதிலிருந்தே வந்தது.

இசைத்தட்டிலும் இதே முறை பயன்படுகிறது. தாழ்சுருதி ஒலிகளைக் குறைக்காமல் தட்டில் பதித்தால் வரிப்பள்ளம் மிக அகன்று இடத்தை அடைத்துவிடும். ஆகவே பதிவு செய்யும்போது தாழ் ஒலிகள் குறைக்கப்பட்டு உயர் ஒலிகள் கூட்டப்படுகின்றன; ஒலிக்கச் செய்யும்போது இதற்கு நேர்மாறான திருத்தம் செய்யப்படுகிறது. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த நியமத்தின்படி, 1,000 ஹெர்ட்ஸை ஒப்புநிலையாகக் கொண்டால், ஒலிக்கச் செய்யும்போது 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் உயர்த்தப்படுகிறது. 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு தாழ்த்தப்படுகிறது. இசைத்தட்டு கேட்கும் ஒவ்வொருவரும் தாம் அறியாமலே ஒரு சமனாக்கியைப் பயன்படுத்துகின்றனர்.

இவ்விரண்டு உதாரணங்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பிழை மின் குறிப்பிலேயே இருக்கிறது. அதன் அளவு தெரிந்திருக்கிறது. கேட்போர் எங்கே அமர்ந்தாலும் அது மாறுவதில்லை. இம்மூன்று நிபந்தனைகளும் பொருந்தும் இடத்தில் சமனாக்கி முழு வெற்றி பெறுகிறது. வீட்டு அறையில் அவை எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்பதே நம் வினா.

கருவியின் அமைப்பு

வீட்டுச் சாதனங்களில் பாஸ், டிரெபிள் என இரண்டு குமிழ்கள் இருப்பதை யாவரும் அறிவர். இங்கிலாந்து நாட்டுப் பொறியியலறிஞர் பீட்டர் பாக்ஸண்டால் 1952-ஆம் ஆண்டில் வெளியிட்ட மின்சுற்றே இவற்றுள் மிகப் பரவலாகக் கையாளப்பட்டது. இக்குமிழ்கள் ஒலி நிறமாலையின் இரு கோடிகளை மட்டும் மொத்தமாக உயர்த்தும் அல்லது தாழ்த்தும்.

ஸ்டூடியோச் சமனாக்கி இருவகைப்படும். முதல் வகையில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கேள்புலன் எல்லை 31 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி அமைந்திருக்கும். அடுத்தடுத்த இரு பிடிகளின் இடைவெளி ஒரு ஸ்தாயியில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்தாயியைப் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களாகப் பகுக்கும் நம் இசை வழக்கில் கூறினால், இது சட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் வரையுள்ள தொலைவு. பிடிகள் நிற்கும் நிலையைப் பார்த்த அளவிலேயே திருத்தத்தின் வடிவம் வரைபடம்போல் தெரிவது இவ்வகையின் நன்மை.

இரண்டாம் வகையில் பிடிகள் குறைவு. ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று குமிழ்கள் இருக்கும். ஒன்று எந்த அதிர்வெண் என்பதையும், மற்றொன்று எத்தனை டெசிபெல் என்பதையும், மூன்றாவது எவ்வளவு அகலம் என்பதையும் நிர்ணயிக்கும். அமெரிக்க ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜார்ஜ் மாஸன்பர்க் 1972-ஆம் ஆண்டில் ஒலிப் பொறியியற் கழகத்தின் மாநாட்டில் படித்த கட்டுரை இவ்வகையை நிலைநாட்டியது. குறுகிய ஒரு பிழையைக் குறிபார்த்துத் திருத்த இதுவே ஏற்றது.

டெசிபெல் கணக்கு

பிடியை உயர்த்துவது எளிது. அதன் விலையை அறிதல் வேண்டும். ஒலியை 3 டெசிபெல் உயர்த்தப் பெருக்கி இரு மடங்கு மின் ஆற்றலைத் தர வேண்டும். 6 டெசிபெலுக்கு நான்கு மடங்கு. 10 டெசிபெலுக்குப் பத்து மடங்கு. 12 டெசிபெலுக்கு ஏறக்குறைய 16 மடங்கு. ஒரு பகுதியில் 5 வாட் செலவாகிக்கொண்டிருக்கையில் அதன் பிடியை உச்சிக்குத் தள்ளி 12 டெசிபெல் கூட்டினால், பெருக்கியினிடம் 80 வாட் கேட்கிறோம் என்பது பொருள். பெருக்கி அதனைத் தர இயலாதபோது மின்னலையின் முகடுகள் வெட்டுண்டு ஒலி கரகரக்கும். இவ்வாறு வெட்டுண்ட அலையில் புதிதாகத் தோன்றும் உயர் அதிர்வெண்கள் ட்வீட்டர் எனப்படும் சிறு ஒலிபெருக்கியின் மெல்லிய கம்பிச் சுருளைச் சுட்டெரித்துவிடக் கூடும். தாழ்த்துவதில் இத்தகைய ஆபத்து ஏதுமில்லை.

அறையின் பங்கு

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனையைச் செய்துள்ள மாணவனுக்கு இவ்வறையும் ஒரு குழாயே என்பது விளங்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்பும்போது, அறையின் நீளம் அரை அலைநீளத்திற்குச் சமமாகும் அதிர்வெண்ணில் நிலை அலை தோன்றுகிறது. ஒலியின் வேகத்தை வினாடிக்கு 345 மீட்டர் என்று கொண்டு அதனை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 34.5 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அவ்வாறே அகலத்திற்கு ஏறக்குறைய 43 ஹெர்ட்ஸும், உயரத்திற்கு 57.5 ஹெர்ட்ஸும் ஆகும். இவற்றின் மடங்குகளிலும் இதே விளைவு நிகழும்.

நிலை அலையில் கணுக்களும் எதிர்க்கணுக்களும் உண்டு. சுவர்களையொட்டிக் காற்றழுத்தத்தின் எதிர்க்கணு அமைவதால் அங்கே அந்த ஒலி பொங்கி எழும். கணுவில் அமர்ந்தவருக்கு அதே ஒலி ஏறக்குறைய கேளாது. இருவரும் ஒரே அறையில், ஒரே பாட்டை, ஒரே நேரத்தில் கேட்கின்றனர்; ஆயினும் ஒருவருக்கு மிருதங்கத்தின் தொப்பி முழங்குகிறது, மற்றவருக்கு அது வற்றிப்போகிறது. தொலைபேசிக் கம்பியில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே புகுந்துவிட்டதைக் காண்க. பிழை மின் குறிப்பில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

மேடும் பள்ளமும்

அறை விளைக்கும் பிழைகளை மேடு, பள்ளம் என இரண்டாகப் பிரிக்கலாம். நாம் அமரும் இடத்தில் ஓர் அதிர்வெண் நிலை அலையினால் மிகுந்து ஒலிப்பது மேடு. அதே அதிர்வெண்ணை அதே அளவு தாழ்த்தினால் மேடு சமனாகும். அவ்வொலி நின்றபின்னும் நீடிக்கும் ரீங்காரமும் அவ்விடத்தில் குறையும். பெருக்கிக்கும் சுமை குறைகிறது. ஆகவே தாழ்சுருதி மேடுகளைக் குறைப்பதே வீட்டில் சமனாக்கிக்கு உரிய முதற்பணி.

பள்ளத்தின் இயல்பு வேறு. ஒலிபெருக்கி பின்சுவரிலிருந்து 1 மீட்டர் முன்னால் இருப்பதாகக் கொள்வோம். ஒலிபெருக்கியிலிருந்து நேராக வரும் ஒலியைவிடச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி 2 மீட்டர் அதிகம் பயணம் செய்கிறது. அலைநீளம் 4 மீட்டராக உள்ள ஒலிக்கு, அதாவது ஏறக்குறைய 86 ஹெர்ட்ஸுக்கு, இந்த 2 மீட்டர் சரியாக அரை அலைநீளம். நேரொலியின் முகடும் எதிரொலியின் அகடும் ஒன்றாக வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இப்போது 86 ஹெர்ட்ஸ் பிடியை 10 டெசிபெல் உயர்த்தினால் என்ன நிகழும்? நேரொலி 10 டெசிபெல் உயரும். எதிரொலியும் அதே 10 டெசிபெல் உயரும். இரண்டும் முன்போலவே ஒன்றையொன்று அழிக்கும். பத்து மடங்கு மின் ஆற்றல் செலவானது தவிர, பள்ளம் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்தே நிற்கும். அறையின் வேறு மூலையில் இருப்பவருக்கோ அவ்வொலி தாங்கவொண்ணாததாகிவிடும்.

இதற்கு மருந்து ஒலிபெருக்கியை நகர்த்துவதே. சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவிற்குக் கொண்டுவந்தால் அழிவு நிகழும் அதிர்வெண் ஏறக்குறைய 290 ஹெர்ட்ஸுக்கு உயர்ந்துவிடும். அதிர்வெண் உயர உயரப் பெட்டியின் பின்புறமாகச் செல்லும் ஒலி குறைவதால் பள்ளமும் ஆழம் குறைகிறது. கையால் ஒருமுறை நகர்த்துவதால் கிட்டும் பயன், 31 பிடிகளாலும் கிட்டாது.

எதிர்முழக்கம்

சமனாக்கியின் ஆற்றலுக்கு முற்றிலும் அப்பாற்பட்டது எதிர்முழக்கம். சிமெண்டுச் சுவரும் மொஸைக் தரையும் கொண்ட நம் அறைகளில் ஒலி எளிதில் அடங்குவதில்லை. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்காமற்போகவே, வாலஸ் ஸாபின் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் அதனைச் சீர்திருத்தும் பணி ஒப்படைக்கப்பட்டது. அங்கே பேசிய ஒரு சொல் ஐந்து வினாடிகளுக்கு மேல் ஒலித்துக்கொண்டிருந்தது. அருகிலிருந்த நாடக மண்டபத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அவர் அளந்தார். எதிர்முழக்க நேரத்தைக் கணிக்கும் புகழ்பெற்ற சமன்பாடு இவ்வாறு பிறந்தது. ஒலி 60 டெசிபெல் தாழ எடுத்துக்கொள்ளும் நேரமே எதிர்முழக்க நேரம்; அது, 0.161 ஐ அறையின் கன அளவால் பெருக்கி, மொத்த உட்கவர்ச்சியால் வகுக்கக் கிடைப்பதாகும்.

நம் அறையின் கன அளவு 60 கன மீட்டர். ஆறு பரப்புகளும் சேர்ந்து 94 சதுர மீட்டர். வெற்றுப் பரப்பின் சராசரி உட்கவர் எண்ணை 0.05 என்று கொண்டால் மொத்த உட்கவர்ச்சி 4.7, எதிர்முழக்க நேரம் ஏறக்குறைய 2.1 வினாடி. இப்போது 20 சதுர மீட்டர் பரப்பை, உட்கவர் எண் 0.5 உள்ள கனத்த திரைகளாலும் விரிப்புகளாலும் மூடுவோம். மொத்த உட்கவர்ச்சி 13.7 ஆகிறது, நேரம் 0.7 வினாடியாகக் குறைகிறது. ஜமக்காளமும் திரைச்சீலையும், நூல்கள் நிறைந்த அலமாரியும் செய்யும் இவ்வேலையைச் சமனாக்கி செய்ய இயலாது. அது ஒலியின் அளவை மாற்றலாம். ஒலித்த பின் அடங்காமல் உலவுவதை விரைவில் அடங்கச் செய்ய வல்லதன்று. ஆனால் மெல்லிய துணி உயர் ஒலிகளையே மிகுதியாக உட்கவரும். தாழ் ஒலி மேடுகள் எஞ்சி நிற்கும். எஞ்சியவற்றுக்குத்தான் சமனாக்கி வேண்டும்.

இணைக்கும் முறை

ஸ்டூடியோக் கருவிகளின் மின்னழுத்த நிலை வேறு, வீட்டுக் கருவிகளின் நிலை வேறு. ஸ்டூடியோவில் நியம நிலை ஏறக்குறைய 1.23 வோல்ட்; பழைய வீட்டுச் சாதனங்களில் ஏறக்குறைய 0.32 வோல்ட். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 12 டெசிபெல். தாழ்ந்த மின் குறிப்பை உயர்நிலைக் கருவிக்குள் செலுத்தினால் கருவியின் சொந்த இரைச்சல் மேலெழுந்து கேட்கும். மாறாக, ஸ்டூடியோக் கருவியின் வெளியீட்டை அப்படியே செலுத்தினால் வீட்டுப் பெருக்கியின் நுழைவாய் மிகைச்சுமைக்கு உள்ளாகலாம். குறுந்தட்டு இயக்கிகள் உச்ச அளவில் 2 வோல்ட் தருவதால், அவற்றுடன் இணைக்கும்போது இத்தொல்லை குறைவு.

டேப் மானிட்டர் இணைப்பு உள்ள பெருக்கிகளில் சமனாக்கியை அதிலேயே பொருத்துதல் நன்று. அங்கே அது ஒலியளவுக் குமிழுக்கு முன்னால் அமைவதால், ஒலியைக் குறைக்கும்போது அதன் இரைச்சலும் உடன் குறையும். அவ்விணைப்பு இல்லையேல் இசை பிறக்கும் கருவிக்கும் பெருக்கிக்கும் இடையே வைக்கலாம். பெருக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே எக்காரணத்தாலும் வைத்தல் கூடாது, கருவி பழுதாகிவிடும்.

ஸ்டூடியோக் கருவிகளில் மூன்று முனைகள் கொண்ட எக்ஸ்எல்ஆர் செருகி வழக்கத்திலுள்ளது. முதல் முனை உறைக்கவசம். இரண்டாவதும் மூன்றாவதும் மின் குறிப்பைத் தாங்குவன. வீட்டுக் கருவியிலிருந்து உள்ளே செலுத்தும்போது மூன்றாம் முனையை முதல் முனையுடன் சேர்த்துவிட வேண்டும். வெளியீட்டில் இவ்வாறு சேர்க்கலாமா, வெறுமனே விடவேண்டுமா என்பது கருவிக்குக் கருவி மாறுபடுமாதலால், உடன் வரும் கைந்நூலைப் பார்த்தே செய்தல் வேண்டும்.

இணைத்தபின் 50 ஹெர்ட்ஸ் 'ஹும்' ஒலி கேட்குமானால், இரு கருவிகளின் நில இணைப்புகளும் சேர்ந்து ஒரு வளையம் ஆகியிருக்கலாம். இதனை நீக்க, மின்செருகியின் நில முனையைத் துண்டித்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது உயிருக்கு ஆபத்தானது. கருவிக்குள் பழுது ஏற்பட்டால் உலோகப் பெட்டி முழுதும் 230 வோல்ட் மின்னழுத்தம் பெற்றுவிடும். கருவிகள் அனைத்தையும் ஒரே மின்பலகையிலிருந்து இயக்குதல், ஒலி இணைப்பிற்குத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி பயன்படுத்துதல் ஆகியவையே முறையான பரிகாரங்கள்.

அமைக்கும் முறை

1. முதலில் பிடிகள் அனைத்தையும் நடுநிலையில் வைத்து, ஒலிபெருக்கிகளையும் இருக்கையையும் நகர்த்தி நல்ல இடத்தைத் தேர்க. இருக்கை பின்சுவரை ஒட்டி இருத்தல் கூடாது.

2. விரிப்பு, திரை முதலியவற்றால் எதிர்முழக்கத்தைக் குறைக்க.

3. அளவை ஒலிவாங்கியையும் கணிப்பொறியையும் கொண்டு, இருக்கையைச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளக்க. கைப்பேசியின் ஒலிவாங்கி தாழ் ஒலிகளைச் சரியாக ஏற்பதில்லை. ஆதலால் அதனைக் கொண்டு ஓர் அதிர்வெண்ணை மற்றோர் அதிர்வெண்ணுடன் ஒப்பிடலாகாது. ஒரே அதிர்வெண்ணை இடத்திற்கு இடம் ஒப்பிட அது போதுமானது.

4. எல்லா இடங்களிலும் பொதுவாகக் காணும் மேடுகளை மட்டும் தாழ்த்துக. ஓரிடத்தில் மட்டும் தோன்றும் மேட்டைத் திருத்தினால் பிற இடங்களில் புதிய பிழை உண்டாகும்.

5. நம் உதாரண அறை போன்றவற்றில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்க. அதற்கு மேல் அலைநீளம் குறுகி, தலையைச் சற்றுத் திருப்பினாலே அளவு மாறிவிடும்.

6. பள்ளங்களை நிரப்ப முயலற்க.

7. கருவியிலுள்ள விலக்குப் பொத்தானை அழுத்தித் திருத்தத்துடனும் திருத்தமின்றியும் கேட்டு ஒப்பிடுக. இரண்டும் ஒரே உரப்பில் இருத்தல் வேண்டும். சற்று உரத்து ஒலிப்பதையே செவி நல்லதென்று மயங்கும்.

இரு கோடிகளையும் உயர்த்தி நடுவைத் தாழ்த்தும் பழக்கம் பலரிடம் உண்டு. மெல்லொலியில் கேட்கும்போது செவிக்குத் தாழ்சுருதி ஒலிகள் குறைந்து புலப்படும் என்பதை ஃபிளெட்சர், மன்ஸன் என்னும் இருவர் 1933-ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். ஆதலால் இரவில் மெதுவாகக் கேட்கும்போது தாழ் ஒலியைச் சிறிது கூட்டுவதில் நியாயம் உண்டு. அதே அமைப்பில் உரத்து ஒலிக்கச் செய்தால் குரல் பின்னடைந்துவிடும். உயர் ஒலிகளை மிகையாகக் கூட்டுவதும் தகாது. தம்புராவின் குதிரைமேல் ஜீவாளி நூல் அமைவதால் அதன் நாதத்தில் மேற்சுரங்கள் செழிப்பதை சர் சி. வி. ராமன் 1921-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். அம்மேற்சுரங்களின் விகிதமே தம்புராவின் தனிச்சுவை. பிடிகளால் விகிதத்தைக் குலைத்தால் ஒலிப்பது வேறொரு வாத்தியமாகிவிடும்.

ஆனால் 1954-க்கு முற்பட்ட பழைய 78 சுற்று இசைத்தட்டுகளைக் கேட்போருக்கு ஸ்டூடியோச் சமனாக்கி மிகச் சிறந்த துணை. அக்காலத்தில் கம்பெனிக்குக் கம்பெனி பதிவு முறை வேறுபட்டிருந்தது. இன்றைய பெருக்கியின் திருத்தம் அவற்றுக்குப் பொருந்தாது. இங்கே பிழை மின் குறிப்பிலேயே உள்ளது. ஆகவே பிடிகளால் திருத்தவும் படுகிறது.

வகுப்பறையில் ஒரு சோதனை

5 மீட்டர் நீளமுள்ள அறையின் மூலையில் ஓர் ஒலிபெருக்கியை வைத்து, 69 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமான உரப்பில் இடைவிடாது எழுப்புக. ஒலிபெருக்கி அருகிலுள்ள சுவரிலிருந்து மாணவர் ஒருவர் மெதுவாக எதிர்ச்சுவர் நோக்கி நடக்கட்டும். 1.25 மீட்டர், 3.75 மீட்டர் தொலைவுகளுக்கு அருகே ஒலி தாழ்வதையும், 2.5 மீட்டரிலும் எதிர்ச்சுவரிலும் ஓங்குவதையும் உணரலாம். அறையின் பிற நிலை அலைகளும் கலப்பதால் இவ்விடங்கள் சற்று முன்பின்னாக அமையும். பின்னர் சமனாக்கியில் அதற்கு மிக அருகிலுள்ள 63 ஹெர்ட்ஸ் பிடியை உயர்த்துக. கணுவில் நிற்பவரையும் சுவரருகே நிற்பவரையும் கேட்டால், இருவருக்கும் ஒலி கூடியதேயன்றி வேறுபாடு குறையவில்லை என்பர்.

தம் வகுப்பறையின் நீளத்தை அளந்து, அதற்குரிய அதிர்வெண்ணை மாணவர் தாமே முன்கூட்டிக் கணக்கிட்டால் பாடம் மனத்தில் பதியும்.

இதே அறிவு பொதுக்கூட்டத்திலும் பயன்படும். ஆணின் குரலில் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண்ணின் குரலில் 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருக்கும். சொற்களை வேறுபடுத்தும் மெய்யொலிகளின் ஆற்றலோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மிகுதியாக உள்ளது. எதிரொலிக்கும் கூடத்தில் தாழ் ஒலியைக் கூட்டினால் குரல் கம்பீரமாக ஒலிக்கும், பேச்சு விளங்காது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள பிடிகளைத் தாழ்த்தி, ஒலிபெருக்கியைக் கேட்போருக்கு அண்மையில் கொண்டுவந்து வைத்தால், கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் தடுப்பூசி போடும் தேதியும் விதைக்கும் காலமும் தெளிவாகக் காதில் விழும்.